பழுப்பா, நீலமா?

சங்கர் மாமா இறந்த மறு வருஷம், அவர் மனைவி சின்னக்கா அத்தை மொரப்பூரிலிருந்து பஸ் மாறிப் பாப்பாரப்பட்டிக்கு வந்து, துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றைக் கலைமணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"உங்க மாமன் எடுத்த பிலிமுங்க எல்லாம் இதுல கெடக்குது. எம் பசங்க குப்பையில போடுன்னுதுங்க. நீதான் வூட்லயே போட்டோ போடற வேல வெச்சினு இருக்கறியே, உனக்காவது ஆவும்னு எடுத்தாந்தேன்."

கலைமணி அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் பெங்களூரில் நடந்த பயிற்சி ஒன்றுக்குப் போய், கருப்பு வெள்ளைப் படங்களைக் கையாலேயே அச்சிடக் கற்றுக்கொண்டு வந்தாள். அதிலிருந்து அது பிடித்துக்கொண்டது. மாடியில் இருந்த குளியலறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு, நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழச்செய்யும் பழைய என்லார்ஜர் ஒன்றை வாங்கி அங்கே வைத்துக்கொண்டாள். வத்தல்மலைப் பாறைகள், பள்ளிக்கூடத்துப் புங்கமரம், மதிய உணவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்று எதையாவது எடுத்து அச்சிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். கணவர் முருகேஷ் மின்வாரியத்தில் இருந்தார். "நம்ம வூட்ல மட்டுந்தான் குளிக்கிற ரூம்புக்குள்ள போகறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேக்கணும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

டப்பாவில் இருந்தவை பெரும்பாலும் கோயில் திருவிழாக்கள், யாருடைய கல்யாணமோ, மாமாவின் சைக்கிள் கடை. அவற்றுக்கு நடுவில் தனியாக வெட்டி வைத்த ஒரே ஒரு நெகட்டிவ் இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு பெண். முகம் வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் தலைகீழாகத் தெரிந்தாலும், ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சற்றே மடக்கி நிற்கும் அந்த நிற்பைக் கலைமணிக்கு அடையாளம் தெரிந்தது. கீழே சமையலறையில் அந்த நேரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் நிற்பு அதுதான்.

அன்று சாயங்காலமே அதை அச்சிட்டாள். சிவப்பு விளக்கின் அடியில், மருந்துத் தட்டில் கிடந்த வெற்றுத்தாளில் முதலில் புடவையின் கரை வந்தது. பிறகு கீழே ஒரு வயர் கூடை. கடைசியாக முகம். முப்பது வயதைச் சற்றே தாண்டிய அம்மா பாஞ்சாலி, முந்தானை நுனியை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்களைச் சுருக்கி நேராகப் பார்த்தாள். அந்த வயதில் அம்மாவின் படம் எதுவும் வீட்டில் இல்லை. கல்யாணப் படம் ஒன்று உண்டு. அதை விட்டால் கலைமணியின் கல்யாண ஆல்பம்தான். நடுவே இருபது வருஷ அம்மா எங்கேயும் இல்லாமல் இருந்தாள். கலைமணி டிரேயை ஆட்டுவதை மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

படத்தைச் செல்போனில் எடுத்து ஓசூரில் இருக்கும் தம்பி பிரபாகருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அக்கா, இது அம்மா திருப்பூருக்குப் போன அன்னிக்கு எடுத்தது."

"இல்லடா. திரும்பி வந்த அன்னிக்கு."

"எப்படி அழுதுனு நிக்குது பாரு. வந்த அன்னிக்கு ஏன் அழப்போவுது?"

"அழலடா, சிரிக்குது. சிரிப்ப அடக்கினு நிக்குது. கண்ணப் பாரு."

திருப்பூர் என்ற பேச்சையே இருவரும் பல காலமாக எடுத்ததில்லை.

கலைமணி ஆறாவது படிக்கும்போது நடந்தது அது. மழை பொய்த்த வருஷம். கிணற்றை ஆழப்படுத்த இறங்கிய அப்பா மாது, கயிறு அறுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் கட்டிலில் கிடக்க, கேழ்வரகுகூட விளையாத காட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்துத் தெரு அமுதவல்லி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளோடு பாஞ்சாலியும் போனாள். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வந்தாள். வந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் திருப்பூர் என்ற சொல் காதில் விழுந்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மனைவியை வேலைக்கு அனுப்பி உட்கார்ந்து தின்றவன் என்று ஊர் பேசியது அவருக்குள் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்துப் பிள்ளைகளும் நிறுத்தினார்கள். அப்பா போய் ஐந்து வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

பிரபாகரும் அவன் மனைவி ஷோபனாவும் ஓசூரில் வீடு கட்டி முடித்திருந்தார்கள். தை மாதம் குடிபுகுவதாக ஏற்பாடு.

"ஹால்ல இந்தப் படத்தத்தான் மாட்டணும்க்கா. பெருசா போட்டுக் குடு. அம்மாவுக்கு இப்ப சொல்லாத. அங்க வந்து பாக்கட்டும்."

"செவுத்துல மாட்டி ரொம்ப நாள் நிக்கணும்னா டோனர் பண்ணணும்டா."

"அதென்னா?"

அச்சான படத்தை இன்னொரு மருந்தில் போட்டால், அதிலுள்ள வெள்ளி வேறொன்றாக மாறும். நிறம் மாறும். சில மருந்துகளால் படத்தின் ஆயுசும் கூடும். ஒன்று பழுப்பாக்கும், ஒன்று நீலமாக்கும். அவள் சொல்லி முடிப்பதற்குள் பிரபாகர் முடிவு செய்துவிட்டான்.

"நீலம்."

"நீலம் ரொம்ப நாள் நிக்காதுடா. பழுப்புதான் நல்லது."

"நீலந்தான்க்கா. ஷோபனா செவுத்துக்கெல்லாம் வெளிர் கலர் அடிச்சிருக்கா. அதுக்கு நல்லா இருக்கும்."

சுவர் நிறம் ஒரு சாக்கு என்று இருவருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரபாகர் வந்து சேர்ந்தான். அம்மா சந்தைக்குக் கிளம்பும்வரை கீழே உட்கார்ந்து இட்லி தின்றபடி புது வீட்டுக் கதையெல்லாம் சொன்னான். அவள் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டியதும் இருவரும் மாடிக்கு ஓடினார்கள். முதல் நாளே கலைமணி அந்த நெகட்டிவிலிருந்து நாலைந்து சின்னப் படங்களும் ஹாலில் மாட்டப் பெரிய படம் ஒன்றும் போட்டு, கழுவிக் காயவைத்திருந்தாள். டோனர் வேலைக்கு இருட்டு வேண்டியதில்லை. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை நிழலில் மேஜை போட்டு, டிரேக்களை வரிசையாக வைத்தாள்.

பிரபாகர் படத்தை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"விடியக்காலையில போனோம்க்கா. பனி. ஸ்டேஷன்ல ஒரே ஒரு லைட்டு எரியுது. அம்மா எனக்கு வாழப்பழம் உரிச்சிக் குடுத்துச்சி. ட்ரெய்ன் வந்ததும் அந்தப் பழத்த அப்படியே கீழ போட்டுட்டேன். எங்க உழுந்துச்சின்னு குனிஞ்சேன், நிமிந்து பாத்தா அம்மா உள்ள போயிடுச்சி."

"உன்ன யாரு தூக்கினு இருந்தாங்க?"

"மாமா."

"மாமா போட்டோ எடுத்தா உன்ன எப்படித் தூக்குவாரு?"

பிரபாகர் யோசித்தான். "அப்ப அப்பாவா இருக்கும்."

"அப்பா கட்டில்ல கெடந்தாருடா."

"நீ மட்டும் என்னா கண்டியாம்?"

கலைமணிக்கு நினைவிருந்தது ஒரு சாயங்காலம். செம்மண் புழுதி. ரயில் நின்றதும் இறங்கிய பொம்பளையைப் பார்த்துப் பிரபாகர் மாமாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டான். "யாருடா இவன், எம் புள்ளையக் காணோமே" என்று அம்மா தேடுவதுபோல் நடித்துச் சிரித்தாள். தகரப் பெட்டியைத் திறந்து, பனியன் துணியில் தானே தைத்த கவுனை அங்கேயே கலைமணியின் சட்டைக்கு மேலே போட்டுவிட்டாள். மஞ்சள் கவுன். துவைக்கத் துவைக்க நீண்டுகொண்டே போய், கடைசியில் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அது கந்தலாகும்வரை கலைமணி அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"அந்த சாயங்காலம்தான்டா இது. அந்த வெளிச்சமே பழுப்புதான்."

"சாயங்காலமா? நெழலப் பாரு. காலுக்கடியில கெடக்குது. உச்சி வெயிலு."

அவன் சொன்னது சரிதான். அம்மாவின் நிழல் ஒரு சாண்கூட நீளவில்லை.

"அப்ப ஒன்னோட விடியக்காலை மட்டும் எப்படிச் சரி?"

"ட்ரெய்ன் லேட்டா வந்திருக்கும்."

"பெட்டி எங்க? வெறும் வயர் கூடைதான் இருக்குது."

"பெட்டிய உள்ள ஏத்தியிருப்பாங்க."

கலைமணி விட்டுக்கொடுத்தாள். ஒரு படம் அவனுக்காக நீலத்தில் போட்டுப் பார்க்கலாம், ஒரு படம் தனக்காகப் பழுப்பில். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நீல டோனரில் படம் நனைந்த சற்று நேரத்திலேயே கறுப்பெல்லாம் நீலமாகத் திரும்பியது. பிளாட்பாரம், தூரத்து வேப்பமரம், அம்மாவின் தலைமுடி, எல்லாமே விடிவதற்கு முன்னால் இருக்கும் நிறத்துக்குப் போயின. பிரபாகர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயது ஆள், மோட்டார் கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கே பொறுப்பாளன். மூக்கை உறிஞ்சினான்.

"இப்படித்தான் இருந்துச்சிக்கா" என்றான்.

"சரி, கழுவு. அந்த பக்கெட்டுல இருக்கற தண்ணியில போடு."

அவன் காதில் பாதிதான் விழுந்தது. டிரேயைக் கொண்டுபோய் மாடிக் குழாயடியில் வைத்துத் திருகிவிட்டான். கலைமணி பழுப்பு மருந்தைக் கலக்கித் திரும்புவதற்குள் முகத்திலிருந்த நீலம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், போர் தண்ணியில ஏன்டா வெச்ச? இதுல சுண்ணாம்பா இருக்குது, நீலத்த அரிச்சிடும். பக்கெட்டுல குடிக்கிற ஒகேனக்கல் தண்ணி புடிச்சி வெச்சிருக்கறேன் இல்ல?"

அவன் பதறிப்போய் எடுத்தான். புடவையின் ஆழ்ந்த மடிப்புகளில் மட்டும் நீலம் தங்கியிருந்தது. நெற்றியும் கன்னமும் வெளிறி, காய்ச்சலில் விழுந்து எழுந்தவள்போல் ஆகிவிட்டாள் அம்மா. அதை நிழலில் கொடியில் மாட்டினார்கள்.

"உன்னோடது போடு" என்றான், சற்றே கோபமாக.

பழுப்புக்கு இரண்டு மருந்து. முதல் மருந்து படத்தை வெளுக்கச் செய்யும். இரண்டாவது அதைப் பழுப்பாகத் திரும்பக் கொண்டுவரும். அந்த இரண்டாவது மருந்தை, சோடியம் சல்பைடை, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். டப்பாவைத் திறந்ததுமே பிரபாகர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி, "டீச்சர், உங்க வூட்ல கேஸ் ஏதாச்சும் லீக்காவுதா பாருங்க" என்று குரல் கொடுத்தாள்.

"இல்லீங்க, சும்மா மருந்துங்க. கொஞ்ச நேரத்துல போயிடும்."

கலைமணி படத்தை முதல் டிரேயில் நழுவவிட்டாள். நிழல்கள் மெலிந்தன. தண்டவாளம் போயிற்று, மரம் போயிற்று. அம்மாவின் முகம் வெளிர் மஞ்சளாகி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தது. அப்போதுதான் மாடிப்படியில் சத்தம் கேட்டது.

"என்னா இது நாத்தம்? எலி கிலி செத்துக் கெடக்குதா? ரோடு வரைக்கும் வருதே!"

பாஞ்சாலி ஒரு கையில் சந்தைப் பையும் ஒரு கையில் முந்தானையுமாக மேலே வந்துவிட்டாள். பிரபாகர் கொடியை மறைத்து நின்றான். ஆனால் மேஜை மேல் கறுப்பு வெள்ளையில் இன்னொரு படம் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். அது சாய்ந்து இரண்டு கத்தரிக்காய் தரையில் உருண்டன. யாரும் எடுக்கவில்லை.

"இது நானாச்சே" என்றாள். பிறகு டிரேயைப் பார்த்தாள். "இதுல என்னாடி ஆளே காணோம்? அழிச்சிட்டியா?"

"பொறும்மா. வந்துடும்."

கலைமணி படத்தை அலசி இரண்டாவது டிரேயில் போட்டாள். போட்ட மாத்திரத்தில் கறுத்த தேன்போல நிறம் பரவியது. புடவை, கூடை, கை, கண்கள். பாஞ்சாலி நாற்றத்தை மறந்துவிட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"சங்கரு எடுத்தது" என்றாள். "இத அவன் யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொன்னானே. பிரிண்டு போடாதடான்னு நான் சத்தியம் வாங்கினேன்."

கலைமணியும் பிரபாகரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபாகர்தான் கேட்டான்.

"ஏம்மா, இது நீ திருப்பூருக்குப் போன அன்னிக்கு எடுத்ததுதானே?"

"வந்த அன்னிக்குத்தானேம்மா?" என்றாள் கலைமணி.

"ரெண்டும் இல்ல. அன்னிக்கு நீங்க ரெண்டு பேருமே அங்க கெடையாது."

பிரபாகர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். பாஞ்சாலி உட்கார்ந்து, புடவையை முழங்காலில் நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் போயி நாலஞ்சி மாசம் இருக்கும். மொதலாளியோட அப்பன் செத்துட்டாருன்னு ரெண்டு நாள் கம்பெனிய மூடிட்டாங்க. எல்லாரும் ரூமுல படுத்துத் தூங்கினாளுங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. கூடைய எடுத்துனு ரயிலு ஏறிட்டேன். உங்க அப்பாவுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. பொழுது விடிஞ்சி மொரப்பூர்ல எறங்கி, சங்கரு கடைக்குப் போனேன். ஒரு டீ குடிச்சிட்டு, தருமபுரி பஸ்ஸப் புடிச்சி, மத்தியானத்துக்குள்ள வூட்டுக்கு வந்துடலாம்னு."

"அப்புறம்?"

"சங்கரு ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாந்து குடுத்தான். பிரிச்சிப் பாத்தா பல்லு. ஒரு சின்னப் பல்லு." அவள் பிரபாகரைப் பார்த்தாள். "உன்னோடது. மொதப் பல்லு உழுந்துச்சாம். சாணியில உருட்டிக் கூரமேல எறியலாம்னு உங்க அப்பா சொன்னா, எங்கம்மா வந்தாத்தான் எறிவேன்னு கையில புடிச்சினே சுத்தினியாம். தூங்கும்போதும் கையில வெச்சினு தூங்கினியாம். முந்தின நாளு சங்கரு ஊருக்கு வந்திருந்தப்ப, தொலைஞ்சிடப் போவுதுன்னு எடுத்து ஜோபியில போட்டுனு வந்துட்டான்."

"காக்கா தூக்கினு போயிடுச்சின்னு மாமா சொன்னாரு" என்றான் பிரபாகர். "நான் ரொம்ப நாளு காக்காவ எங்க பாத்தாலும் கல்லுல அடிச்சினு இருந்தேன்."

பாஞ்சாலி சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் பல்ல வெச்சினு நான் கெளம்பறேன். பஸ்ஸு நிக்குது. சங்கரு சொன்னான், அக்கா, சின்னவன் ராத்திரில எழுந்து எழுந்து அழுதுனு இருந்தான், இப்பத்தான் ஒரு வாரமா அழாம தூங்கறான். நீ போயி அர நாளு இருந்துட்டுத் திரும்பினா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்னான். தப்பா ஒண்ணும் சொல்லல அவன். உள்ளத சொன்னான். பஸ்ஸு போயிடுச்சி. அடுத்த பஸ்ஸும் வந்துச்சி. அதுவும் போயிடுச்சி. நான் பெஞ்சில உக்காந்துனே இருந்தேன்."

"வூட்டுக்கு வந்திருக்கலாம் இல்லம்மா" என்றாள் கலைமணி. அந்தச் சமயத்தில் தான் எங்கே இருந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். இல்லை, அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருப்பாள்.

"வந்திருந்தா திரும்பிப் போயிருக்க மாட்டேன் கலை. எனக்கு என்னப் பத்தித் தெரியாதா? போவலைன்னா உங்க அப்பாவுக்கு யாரு வைத்தியம் பாக்கறது? மத்தியான வண்டி சேலத்துப் பக்கம் போறது ஒண்ணு இருந்துச்சி. அது வர்றதுக்கு முன்னாடி அந்தப் பல்ல ஸ்டேஷன் ஓட்டுமேலயே எறிஞ்சிட்டேன். சாணியெல்லாம் எங்க தேடறது, வெறுமனே எறிஞ்சேன். நல்லா மேல போயி உழுந்துச்சி. சங்கரு பேக்கத் தோள்ல மாட்டினு வந்திருந்தான், கேமரா வெச்சிருந்தான். அக்கா நில்லு ஒரு படம் எடுக்கறேன்னான். அப்ப எடுத்தது இது."

"அப்ப அழுதுனுதானே நிக்கற?" என்றான் பிரபாகர்.

"அழல."

"சிரிக்கிறியா?"

"அட, வாய மூடினு நிக்கறேன்டா. அன்னிக்கு என் பல்லு இருந்த லட்சணம் உனக்குத் தெரியாதா? நம்ம ஊரு தண்ணி குடிச்சிக் குடிச்சி மஞ்சளும் பழுப்புமா. பல்லு செட்டு கட்டினப்புறந்தானே நான் போட்டோவுல வாயத் தொறக்கறேன்." படத்தைத் திரும்பப் பார்த்தாள். "அழுதது ரயிலு ஏறினப்புறம். பொம்மிடி தாண்டி."

கொட்டகைத் தகரம் வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. கலைமணி பழுப்புப் படத்தை எடுத்து அலசிக் கொடியில் மாட்டினாள். பிரபாகர் உருண்ட கத்தரிக்காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டான். அவன் முதுகு குலுங்குவதைப் பாஞ்சாலி பார்த்தாள்.

"இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். "இங்க வாடா."

அவன் போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவள் அவன் தலைமேல் கையை வைத்தாள்.

"சரி, எதுக்கு இத்தன படம்?" என்றாள் பிறகு.

"எங்க புது வூட்ல மாட்டறதுக்கு. அக்கா பழுப்புங்குது, நான் நீலங்கறேன். நீயே சொல்லு."

பாஞ்சாலி எழுந்துபோய்க் கொடியில் தொங்கிய இரண்டையும் பார்த்தாள். பழுப்புப் படத்தின் முன்னால் தலையைச் சாய்த்தாள்.

"இது செத்துப்போனவங்க படம் மாதிரி இருக்குது. மாலை போட்டு பொட்டு வெச்சா சரியாப் போயிடும். நான் இன்னும் இருக்கறேன் இல்ல?" நீலத்துக்கு நகர்ந்தாள். "இதென்னா, வெஷம் குடிச்சவளாட்டம்?"

பிரபாகர் ஈரக் கண்ணோடு சிரித்துவிட்டான். கலைமணியும் சிரித்தாள். தான் அடித்துப் பேசிய பழுப்பு இப்போது அவளுக்கே வேண்டாமென்று ஆகியிருந்தது. அந்த மஞ்சள் கவுனின் சாயங்காலம் இந்தப் படத்தில் இல்லை. அது இல்லாமல் போய்விடவும் இல்லை, வேறு எங்கோ இருந்தது, அவ்வளவுதான்.

மேஜையில் கிடந்த கறுப்பு வெள்ளையைப் பாஞ்சாலி கையில் எடுத்தாள்.

"இது பரவால்ல. ஆனா கொஞ்சம் வெளுப்பா இருக்கறேன். கல்யாணப் போட்டோவுல அந்த ஸ்டுடியோக்காரன் என்ன மாவு அப்பின மாதிரி வெள்ளையாக்கிட்டான். உங்க அப்பாவே யாரு இதுன்னு கேட்டாரு. நான் கறுப்புடி. அன்னிக்கு வெயில்ல நின்னு இன்னும் கறுத்திருந்தேன். கறுப்பாவே வராதா?"

கலைமணிக்கு அலமாரியின் மேல்தட்டில் திறக்காமல் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. செலினியம். வாங்கியதிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. விஷமுள்ள மருந்து, சாதாரணப் படங்களுக்கு வீணடிக்க மனம் வராமல் ஒதுக்கி வைத்திருந்தாள். அது பழுப்பும் ஆக்காது, நீலமும் ஆக்காது. அவள் கலக்கும் அளவில், இருக்கிற கறுப்பை இன்னும் ஆழமாக்கிவிட்டுப் போகும். படமும் நெடுங்காலம் நிற்கும்.

"ஒண்ணு இருக்குதும்மா. ஆனா நீ அந்தப் பக்கம் காத்தடிக்கிற எடத்துல போயி உக்காரணும்."

"போறேன். இந்த முட்ட நாத்தத்த மொதல்ல மூடு."

பழைய டிரேயை மூடிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு மருந்தைக் கலந்தாள். இன்னொரு படத்தை அதில் இறக்கினாள். பிரபாகர் எதுவும் நடக்கவில்லையே என்றான். பாரு, என்றாள். பக்கத்தில் வெறும் தண்ணீரில் மற்றொரு படத்தைப் போட்டு வைத்திருந்தாள், ஒத்துப் பார்ப்பதற்கு. மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமலே, தலைமுடியில் கறுப்பு இறங்கியது. கண்ணின் மணி திடமானது. நெற்றியில் உச்சி வெயில் பட்ட இடமும் படாத இடமும் பிரிந்தன. கழுத்தும் கையும் உழைத்துக் கறுத்த ஒரு பெண்ணின் கழுத்தும் கையுமாக ஆயின. தண்ணீரில் கிடந்த படம் அதன் பக்கத்தில் சாம்பலாகத் தெரிந்தது.

எடுத்து அலசி, தூக்கிக் காட்டினாள்.

"ஆங்" என்றாள் பாஞ்சாலி தூரத்திலிருந்தே. "இது நான்."

பெரிய படத்தையும் அதே மருந்தில் போட்டார்கள். அதைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டியிருந்தது. கீழே தொட்டியில் பிடித்து வைத்திருந்த ஒகேனக்கல் தண்ணீரைப் பிரபாகர் குடம் குடமாக மேலே சுமந்து வந்தான். ஷிப்டு பொறுப்பாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறுவதைப் பார்த்துக் கோகிலவாணி அங்கிருந்து ஏதோ கேலி செய்தாள். டிரேயில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். அது ஊறும் நேரத்தில் அவன் சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"ஏம்மா, திருப்பூர்ல எங்க தங்கியிருந்த?"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பாஞ்சாலி கையால் விசிறிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வூடு. ஒரு ரூமுல எட்டுப் பேரு. கொள்ளேகால்காரி ஒருத்தி இருந்தா, கௌரின்னு. தமிழே தெரியாது. ராத்திரி சாப்பிட்டதும் கன்னடத்துல பாடுவா. எங்க ஆத்தா பாடற பாட்டாட்டமே இருக்கும். மொதல்ல என்ன துணி மடிச்சிக் குடுக்கற கைமடிப்புக்குத்தான் போட்டாங்க. மூணு மாசத்துல ஓரம் தைக்கற ஓவர்லாக் மெஷின்ல உக்கார வெச்சிட்டாங்க. என்னாட்டம் நேரா தைக்கறவ அந்த வரிசையிலயே கெடையாது."

"கஷ்டமா இருந்துச்சா?" என்றாள் கலைமணி.

பாஞ்சாலி தலையைத் திருப்பினாள். மாடிச் சுவருக்கு அப்பால், வத்தல்மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது.

"உங்கள நெனச்சா கஷ்டம். ஆனா எனக்கு அந்த வேல புடிச்சிருந்துச்சி" என்றாள், யாரோ அதட்டப் போகிறார்கள் என்பதுபோல் தாழ்ந்த குரலில். "காலையில சங்கு ஊதும். எல்லாரும் கூட்டமா போவோம். சனிக்கிழம சம்பளம் வாங்கினா நானும் கௌரியும் போயி ஆளுக்கு ஒரு நெய்ரோஸ்ட்டு தின்போம். என் காசுல. அது வரைக்கும் நான் ஓட்டல்ல உக்காந்து தின்னதே கெடையாது. இத உங்க அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அவரு அங்க கெடந்து வேதனப்பட்டுனு இருந்தாரு. வந்ததும் எல்லாத்தையும் மறந்துட்டேன்னு வெச்சினேன்."

"மறந்துட்டியா?"

"எங்க மறக்கறது? இப்பக்கூட பனியன் வாங்கினா மொதல்ல உள்பக்கம் திருப்பி தையலத்தான் பாக்கறேன்."

பிரபாகரின் செல்போன் அடித்தது. ஓசூரிலிருந்து ஷோபனா. ஆசாரி வந்திருக்கிறான், சட்டத்துக்கு அளவு கேட்கிறான், படம் எந்தக் கலரில் வருகிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற மரம் பார்க்கலாம் என்றாள்.

"அப்புறம் கூப்பிடறேன் ஷோபனா" என்றான். "அம்மா பேசினு இருக்குது."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கலைமணி தண்ணீரை மாற்றிவிட்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கௌரி என்னா பாட்டு பாடுவாங்கம்மா?" என்று கேட்டாள்.